நட்ட வேம்பு, நடாத கெந்த

அந்த மலையில் என்ன மரம் நடுவது என்று கூட்டம் போட்டபோது முதல் ஆளாக எழுந்து "வேம்பு" என்று சொன்னவள் நான். இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுலபம். பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் நான் வாயைத் திறந்ததுதான் காரணம்.

கலவானைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே நர்சரியில் இருந்தேன். பைகளில் மண் நிரப்பி, தேயிலைக் குச்சி ஊன்றி, பந்தல் போட்டு, தண்ணீர் ஊற்றும் ஆறு பெண்களுக்கு நான் மேற்பார்வை. பதினோரு வருடம் கூடை சுமந்து கொழுந்து பறித்த பிறகு கிடைத்த இடம் அது. வந்த ஆறே மாதத்தில் தலைக்கனமும் வந்துவிட்டது. செடி விஷயத்தில் என்னைக் கேட்காமல் தோட்டத்தில் யாரும் பேசக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் லயத்துக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு, நேர் பின்னால் இருந்தது அந்த மலை. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம் என்றுதான் அர்த்தம். இந்தத் துண்டைக் கவனிப்பாரில்லாமல் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. தேயிலை செத்து, கெக்கில்லப் பெரணி இடுப்பளவுக்கு மூடிக் கிடந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாத மழையை இரத்தினபுரிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எத்தனையோ இடங்களில் மண் சரிந்து ஆட்கள் செத்தார்கள். எங்கள் மலையிலும் ஒரு ஓரம் பெயர்ந்து வந்து லயத்தின் பின்சுவரில் மோதி நின்றது. பத்து வீட்டு அடுப்படியிலும் சேறு. உயிர் ஒன்றும் போகவில்லை. என் அடுப்புக்கு மேலே சேறு ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு, என் இரண்டு பெண்பிள்ளைகளையும் அன்று முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மலையில் மரம் இருந்தால்தான் மண் நிற்கும் என்பதில் தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் எங்களுக்கும் சண்டை இல்லை. என்ன மரம் என்பதில்தான் சண்டை. தோட்டக் கம்பெனிக்குப் பைனஸ் என்கிற ஊசியிலை மரம் நட ஆசை. பைனஸ் நட்ட மலையைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருந்தோம். சுற்றிக் கம்பி வேலி. உள்ளே ஒரு சுள்ளி பொறுக்கினால் காவல்காரன் கத்தியைப் பிடுங்கிக்கொள்வான். அடியில் புல்லுகூட முளைக்காது, வெயில் காலத்தில் தீப்பிடிக்கும். லயத்தில் எல்லோருக்கும் விறகு அடுப்புதான். மலை போனால் விறகுக்கு ஆற்றைத் தாண்டி, சிங்களக் கிராமம் இருக்கிற நாட்டுப்பக்கம் போய் யார் காலிலாவது விழவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மரம் நடும் திட்டம் ஒன்று வந்தது. இந்த நாட்டுக்குச் சொந்தமான மரங்களை, சனங்களுக்குப் பிரயோசனமான மரங்களை, சனங்களே தெரிந்தெடுத்து நட வேண்டும் என்று சொன்னார்கள். துரை யோசித்துவிட்டு மூன்று வருடம் தவணை கொடுத்தார். முதல் வருடம் ஒரு பார்வை, மூன்றாம் வருடம் ஒரு பார்வை. கடைசியில் திட்டத்து மேலதிகாரி வந்து, மலையில் மரம் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அதன் விறகும் இலையும் காயும் லயத்து ஆட்களுக்கு. இல்லாவிட்டால் வேலியும் பைனஸும். பேச்சு அவ்வளவுதான்.

கூட்டம், கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக் காம்பராவில் நடந்தது. திட்டத்திலிருந்து வந்தவர் கொழும்புப் பக்கத்து இளம் அதிகாரி. தமிழ் பேசுவார், சப்பாத்துக்குள் அட்டை ஏறிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் குனிந்து பார்ப்பார். மரப்பெயர் எழுதிய தாளை எடுத்து வாசித்தார். கொறக்கா, கித்துள், தெல், கெகுன, நெதுன் என்று ஏதேதோ வந்தது. எல்லாம் எங்களுக்குத் தெரிந்த மரங்கள்தான். கொறக்கா மீன் குழம்பில் போடுகிற புளி. கித்துள், சீவி இறக்கிய பதநீரைப் பாணியாகக் காய்ச்சுகிற பனை மாதிரி மரம். தெல்லிலும் கெகுனவிலும் கொட்டை தின்னலாம். ஆனால் அதெல்லாம் நாட்டுக்காரர்களின் தோட்டத்தில் நிற்பவை. எங்களுக்கு என்று ஒரு மரம் கேட்கலாம் என்றதும் எனக்கு மனதில் வந்தது ஒன்றுதான்.

"வேம்பு வைங்க சேர்," என்றேன். "பாதிக்கு மேல வேம்பு வைங்க."

ஏன் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் இரண்டு ஆட்கள் கொடகவெல தாண்டி எம்பிலிப்பிட்டிய வரைக்கும் பஸ் ஏறிப் போய், சாக்குச் சாக்காக வேப்பங்கொப்பு வெட்டிக்கொண்டு வருவார்கள். சண்டைக் காலத்தில் வழியெல்லாம் சோதனை. சாக்குக்குள் வேப்பிலைதான் என்று எத்தனை தரம் சொன்னாலும் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பிள்ளைகளுக்கு அம்மை போட்டுவிட்டால் வேப்பிலைக்கு நாங்கள் படுகிற பாடு சொல்லி முடியாது. என் மூத்தவளுக்குப் போட்டபோது வாடிக் காய்ந்த நாலு இலையைத் தண்ணீரில் போட்டு அவளைக் குளிப்பாட்டினேன். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆண்களில் ஒருத்தர் நெதுன் பலகைக்கு நல்லது என்று சொல்லத் தொடங்கினார். அவரைப் பேசவிடவில்லை.

அதிகாரி தாளைப் புரட்டினார். வேம்பும் இந்த நாட்டு மரம்தான், பட்டியலில் இருக்கிறது என்றார். எழுதிக்கொண்டார். அது நாட்டின் எந்த மூலை மரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் மண் புழுதியாய்ப் பறக்கும். கலவானையில் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. எங்கள் கோயிலுக்கு அத்தனை தூரத்திலிருந்து வேப்பிலை வருவதற்குக் காரணமே, இந்த மழையில் வேம்பு நிற்காது என்பதுதான். முன்னாடி இருந்தவர்கள் நட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? வருடா வருடம் கண்ணுக்கு முன்னால் சாக்கு வந்து இறங்கியும் என் மண்டையில் அது ஏறவில்லை.

ஒக்டோபரில் குழி வெட்டி, என் பிடிவாதத்தில் எல்லாக் குழியிலும் வேம்பையே நட்டோம். நட்டுக்கொண்டிருக்கும்போது ஆற்றுக்கு அந்தப்பக்கத்து நாட்டுக்காரி ஒருத்தி விறகுக் கட்டோடு வந்து நின்று பார்த்தாள். அவள் புருஷன் கித்துள் சீவுகிறவன். அவள் பாணியும், ஹலப என்கிற இலைப் பலகாரமும் செய்து கலவானைச் சந்தையில் விற்பாள். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள் என்னை அக்கே என்பாள், நான் அவளை அக்கே என்பேன். இரண்டு பேருக்கும் மூத்தவளாக மனமில்லை.

"மே வெஸ்ஸட்ட கொஹொம்ப?" என்றாள். இந்த மழைக்கா வேம்பு என்று.

"எங்க அம்மன் பாத்துக்குவா அக்கே, நீங்க போய்ப் பாணி காய்ச்சுங்க," என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கன்றுகள் இரண்டு மாதம் நன்றாகத்தான் நின்றன. பிறகு இலை மஞ்சளானது. பிறகு உதிர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, நாறி, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. நானும் விடுவேனா? குழிக்குக் குழி கான் வெட்டித் தண்ணீரை வடியவிட்டேன். சாம்பல் போட்டேன். கன்றைச் சுற்றித் தானாக முளைத்த கெந்தச் செடிகளை மாதத்துக்கு ஒரு தரம் ஆள் விட்டுப் பிடுங்கி எறிந்தேன். கெந்த என்றால் வட்டமான பெரிய இலை, எங்கே மண் புரண்டாலும் முதலில் வந்து நிற்கும். எங்களுக்கு அது வெறும் களை. மலை முழுக்க அதுதான் செழிப்பாக வந்தது. நான் நட்டது சாக, நடாதது வளர, பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்.

லயத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது. அம்மன் மரம் சாகிறது என்றால் அம்மனுக்கு ஏதோ குறை என்றார்கள். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை பார்க்கிறவர், வாயில் எப்போதும் கிண்டல்தான். "அம்மனுக்கு இங்க வேப்ப மரம் வேணும்னா மழைய அவளே நிப்பாட்டியிருப்பா. உனக்குத்தான் வேணும், அவளுக்கு வேணாம்," என்றார். அன்றைக்கு அவருக்கு ரொட்டிக்குச் சம்பல் கிடையாது.

ஏப்ரல் முடியும்போது உயிரோடு ஒரு வேம்பும் இல்லை. முதல் பார்வைக்கு அதிகாரி மே மாதம் வருவதாகக் கடிதம் வந்தது. அந்த மே மாதம்தான் எங்கள் திருவிழாவும். எம்பிலிப்பிட்டியவிலிருந்து சாக்குகள் வந்தன. தோரணம் கட்டினோம், கரகம் எடுத்தோம், தீ மிதித்தோம். எல்லாம் முடிந்த மறுநாள் கோயில் முன்னால் குவிந்து கிடந்த வேப்பங்கொப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை கொஞ்சமும் வாடாமல் இருந்தது. மிச்சத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நர்சரிப் பெண்கள் ஆறு பேரும் நானும் அந்தக் கொப்புகளைச் சுமந்துகொண்டு போய், குழிக்கு ஒன்றாக ஊன்றினோம். அம்மனுக்குக் கட்டியதை ஏமாற்று வேலைக்கு எடுக்கிறோமே என்று பயம் வேறு. சந்நிதிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் எடுத்தேன். மழை பெய்துகொண்டிருந்ததால் கொப்பு நாலு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். அதிகாரி மூன்றாம் நாள் வந்தார். அட்டைக்குப் பயந்து ரோட்டிலேயே நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். வரிசை வரிசையாகப் பச்சை. தாளில் எழுதிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அக்கா," என்றார். "இந்த மழையில இப்படி வருமென்டு நான் நினைக்கல்ல."

"எல்லாம் அம்மன் கிருபைங்க சேர்," என்றேன். நாக்கு கூசவில்லை. அவர் ஜீப் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டு வருடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊன்றிய கொப்புகள் காய்ந்து குச்சியாயின. களை பிடுங்க ஆள் விடுவதை நிறுத்தினேன். யாருக்காகப் பிடுங்குவது? கெந்தச் செடிகள் ஆளுயரம் வந்தன. ஒரு நாள் காலை மலைக்குப் போனால், நாட்டுக்காரி அங்கே நின்று கெந்த இலை பறித்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சத்தம் போட்டேன். அவள் நிதானமாக இலைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். சிங்களத்தில்தான் பேசினாள். எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரித்தான்.

"ஏன் அக்கே கத்துறீங்க? இந்த இலையிலதான் ஹலப மடிக்கணும். எங்க பக்கம் எல்லாம் வெட்டியாச்சு. சந்தையில கடைக்காரங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க மாசா மாசம் பிடுங்கிப் போடுறப்போ எனக்கு வயிறு எரியும். உயிரோட இருக்கிறதைப் பிடுங்கிட்டு, செத்ததுக்குச் சாம்பல் போட்டீங்களே."

மூக்கு உடைந்தது என்பார்களே, அன்றைக்கு எனக்கு நன்றாகவே உடைந்தது. வேப்பங்கொப்பு விஷயமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றங்கரையிலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறாள். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மூன்றாம் வருடம் மேலதிகாரி வருவார், மலை பைனஸுக்குப் போய்விடும், எல்லாம் என்னால்தான் என்று அழுதேன்.

அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. பேரம் பேசினாள். கெந்த இலை அவள் தேவைக்குப் பறித்துக்கொள்ள விட வேண்டும். பின்னாளில் மலையில் கித்துள் வந்தால் சீவும் வேலை அவள் வீட்டுக்கு, பாணியில் பாதி எங்களுக்கு. இதற்குச் சம்மதித்தால் என்ன கன்று எங்கே எடுப்பது என்று அவள் காட்டுவாள். கெந்தயை வெட்டக்கூடாது. கொறக்காவுக்கும் தெல்லுக்கும் கெகுனவுக்கும் சின்ன வயதில் நேர் வெயில் ஆகாது, கெந்த நிழல்தான் வேண்டும் என்றாள். தேயிலைக் கன்றுக்குப் பந்தல் போடுகிறவள் நான். நிழல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் வெட்கமாக இருந்தது.

"கொறக்கா காய்க்க எத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு. ஆண் மரமா இருந்தா காய்க்கவே காய்க்காது. அதனால நெருக்கி வைங்க, பூத்தப்புறம் ஆணை வெட்டி எரிச்சுக்கலாம்."

வேலையைத் தொடங்கினோம். காட்டோரக் கொறக்கா, தெல், கெகுன மரங்களுக்கு அடியில் முளைத்துக் கிடந்த சின்னக் கன்றுகளை ஈர மண்ணோடு தோண்டிக்கொண்டு வந்தோம். கித்துள் விதைதான் வேடிக்கை. மரத்திலிருந்து விழுந்த பழத்தைப் பெண்கள் வெறுங்கையால் பிசைந்து விதை எடுத்துவிட்டு, தோள்வரை அரிப்பெடுத்துத் தண்ணீர்ப் பீலிக்கு ஓடினார்கள். நாட்டுக்காரி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். மரநாய் தின்று கழித்துப்போன விதையைப் பாறை மேல் தேடிப் பொறுக்க வேண்டுமாம். அது அரிக்காது, நன்றாகவும் முளைக்கும் என்றாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் ஏழு பேரும் பாறை பாறையாக மரநாய்க் கழிவு பொறுக்கினோம். "மேற்பார்வை அம்மா எங்க போறாங்க?" என்று கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நர்சரியில் தேயிலைப் பைகளுக்கு நடுவில் இந்தப் பைகளையும் ஒளித்து வைத்து வளர்த்தேன். கித்துள் முளைக்க மாதக்கணக்கானது. முளைக்காது என்று பையைக் கொட்டப்போன அன்றைக்குத்தான் முதல் குருத்து ஊசி மாதிரி வெளியே நின்றது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த வருடம் கெந்த நிழலில் எல்லாவற்றையும் நட்டோம். சரிவில் மண் பெயர்ந்த ஓரத்தில் கெந்தயை நெருக்கமாக வரவிட்டோம். இதற்கிடையில் சந்தைக் கடைகளுக்கும் இலை கட்டி அனுப்பினோம். ஹலப மடிக்க இவ்வளவு இலை வேண்டுமா என்று பெண்களுக்கு ஆச்சரியம். களை என்று நாங்கள் எரித்த செடியிலிருந்து மலையின் முதல் வரும்படி வந்தது.

மூன்றாம் வருடம் செப்டெம்பரில் கடிதம் வந்தது. மேலதிகாரி வருகிறார், அவர் மலை ஏறிப் பார்ப்பார் என்று இருந்தது. பெண்கள் உடனே எம்பிலிப்பிட்டியவுக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள். என் வீட்டுக்காரரே சாக்கோடு போகத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். உண்மை பேச வேண்டும் என்ற ஞானமெல்லாம் வரவில்லை. ஏறிப் பார்த்தால் பிடிபடுவோம் என்ற பயம்தான். கொறக்காவும் கித்துளும் நிற்பதைப் பார்த்துவிட்டு, வேம்பைப் பற்றிக் கேட்காமலே போய்விடுவார்கள் என்று நம்பினேன். அப்படியும் சில பேர் இருப்பார்கள்தானே.

வந்தது ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், ஆண்கள் போடுகிற மாதிரிப் பூட்ஸ், கையில் தடி. அட்டையைக் கண்டால் விரலால் சுண்டிவிட்டு நடந்தார். துரையும் வந்தார். இளம் அதிகாரி தாளோடு பின்னால் வந்தார். நான் அவர்களுக்கு வழி காட்ட முன்னால் போனேன். பாதி தூரம் ஏறியதும் அந்த அம்மா நின்று சுற்றிப் பார்த்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"கோ கொஹொம்ப?" என்றார். வேம்பு எங்கே என்று.

எனக்கு முன்னால் இளம் அதிகாரி பதில் சொன்னார். வேம்பு எல்லாம் மேல் பக்கத்தில் நிற்கிறது, அங்கே ஒரே வழுக்கல், ஏறுவது கஷ்டம் என்றார். வேம்பு இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாரே, அன்றைக்கேகூட இருக்கலாம். தன் தாளைக் காப்பாற்றப் பொய் சொன்னாரோ, என்னைக் காப்பாற்றச் சொன்னாரோ. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை முடிந்துவிடும் போலிருந்தது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுத் துரையிடம் திரும்பினார். இங்கே வேம்பு நன்றாக வந்ததாக எழுதியிருப்பதால் அடுத்த வருடம் இன்னும் இரண்டு தோட்டங்களுக்கு, மண் சரிந்த மலைகளுக்கு, வேம்புதான் கொடுக்கப்போகிறோம் என்றார்.

அந்த மலைகளுக்குக் கீழேயும் லயம் இருக்கும். அங்கேயும் அடுப்படி இருக்கும். நான் ஊன்றிய கொப்பை நம்பி அங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிற வேம்புக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருப்பாள். மழை வந்தால் மண் அவள் பிள்ளைகள் மேல் வரும்.

"நே நோனா," என்றேன். இல்லை அம்மா என்று. பிறகு சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேம்பு ஒன்றும் இல்லை, முதல் வருடமே செத்துப்போனது, நீங்கள் எழுதி வைத்திருப்பது கோயில் தோரணத்துக் கொப்பு, ஊன்றியது நான், வேம்பு கேட்டதும் நான், மற்றப் பெண்கள் நான் சொன்னதைச் செய்தவர்கள் என்றேன். சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. துரையின் சப்பாத்து மட்டும் தெரிந்தது.

"அப்ப நீ ரெண்டு வருஷமா எங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்க," என்றார் துரை. தமிழில்தான் சொன்னார். "பைனஸ் வச்சிடுறேன். பேச ஒன்னுமில்ல."

அந்த அம்மா குனிந்து ஒரு கெந்தயின் அடியில் இலைகளை விலக்கினார். முழங்கால் உயரக் கொறக்கா. பக்கத்தில் இரண்டு ஓலை விட்ட கித்துள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். தெல், கெகுன. இதை யார் நட்டது, எங்கிருந்து எடுத்தது, ஏன் கெந்தயை வெட்டவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வரிசை வரிசையாகச் சொன்னேன். எந்தக் கன்று எந்தக் காட்டோரத்தில் எடுத்தது என்றுகூட எனக்கு மனப்பாடம். மரநாய்க் கதையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் இதைச் சொல்லித் தந்தது என்று கேட்டார். நாட்டுக்காரி அன்று மலைப்பக்கம் வரவே மாட்டேன் என்றவள். திரும்பிப் பார்த்தால் ஒரு கெந்த மரத்துக்குப் பின்னால் இலைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கையைக் காட்டினேன். அவள் என்னை முறைத்தாள்.

பிறகு அந்த அம்மா மண் பெயர்ந்த ஓரத்துக்குப் போய்த் தடியால் குத்திப் பார்த்தார். தடி இறங்கவில்லை, வேரில் இடித்து நின்றது. இன்னும் நாலு இடத்தில் குத்தினார். எனக்கு அந்த நேரம் ஒரு வருடம் மாதிரிப் போனது. கடைசியில் துரையிடம் சொன்னார்.

"வேம்பு செத்தது இந்தப் பொம்பளை குற்றம் இல்ல. இந்த மழையில வேம்புன்னு எழுதிக் கொடுத்த தாள் எங்களோடது. மலையில மரம் நிக்கணும்னுதானே பேச்சு? நிக்குது. நான் எழுதித் தரேன்."

அந்த நிமிடம் எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, அடக்கவில்லை. இளம் அதிகாரி தாளை வாங்கி வேம்பு என்ற சொல்லின் மேல் கோடு கிழித்தார். அந்த இரண்டு தோட்டங்களுக்கு வேம்பு போகவில்லை என்று பிறகு அவரே வந்து சொன்னார். என்ன கன்று கொடுப்பது என்று கேட்டு நாட்டுக்காரியின் வீட்டுக்கு இரண்டு தடவை ஜீப் போனதாம். அவள் ஹலப கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

துரை அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. மலை உங்களுக்குத்தான், வாக்கு வாக்குத்தான் என்றார். ஆனால் பொய்க்குத் தண்டனை வேண்டும் என்றார். நர்சரி மேற்பார்வை அன்றோடு போனது. நாளைக் காலையிலிருந்து கொழுந்துக்குப் போக வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "சரிங்க தொரை," என்றேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் பெயரைக் கொழுந்துக்காரிகளோடு கூப்பிட்டார்கள். பழைய கூடையின் கயிற்றை மாற்றிக் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு போனேன். பெண்கள் எனக்காகப் பரிதாபப்பட்டு வழிவிட்டார்கள். கங்காணி என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துரை ஆபிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே எங்கள் மலை பச்சையாகத் தெரிந்தது. தண்டனை வாங்கியவள் மாதிரித் தெரிய வேண்டுமே என்று, அவரைத் தாண்டிப் போகும்வரை ரொம்பக் கஷ்டப்பட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.